களப்பில் கரைவலை இழுத்தவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

வேலையை விட்டுப் போகிறவர்கள் வருகிறவர்களின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கொடுக்கச் சாவி இல்லை. நம்முடைய பூங்காவுக்குக் கேற்றும் இல்லை, பூட்டும் இல்லை. யாரும் எதுவும் கொடுக்காமல் உள்ளே வரலாம், சிற்பங்களைத் தொட்டுப் பார்க்கலாம், புல்லில் படுத்துத் தூங்கலாம். முழங்கால் இனிக் குந்தியிருக்க விடாது என்பதால் நான் போகிறேன். நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைதான் படித்தேன். ஆனாலும் எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

புல்லுக்குத் தண்ணீர் விடுவது, சிற்பங்களில் படியும் உப்பைக் கழுவுவது இதெல்லாம் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். இந்தப் பூங்கா திறப்பதற்கு முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது தெரியாமல் இங்கே வேலை செய்தால், தண்ணீர்க் கரையிலிருந்து புல்லுக்கு ஏறி வரும் அந்தக் கயிறு ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் இந்த இடத்தைப் பச்சையாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நான் வந்தபோது இது வெள்ளை. உப்புப் பூத்த தரை. உடைந்த தோணிகளும் கிழிந்த வலைகளும் கொட்டிக் கிடந்தன. தோணிகளின் நிழலில் கழுதைகள் நின்றன. பிற்பகலில் காற்று எழும்பினால் கண்ணைத் திறக்க முடியாது. மூடினாலும் இமைக்குள், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் இந்தக் களப்பின் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு, எது கண்டது, எது நினைத்தது என்று சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டு எங்கள் குடும்பம் இங்கே வந்தபோது நான் சின்னப்பிள்ளை. புத்தளத்துத் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். அந்த நாட்களிலிருந்து ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இந்த நகரத்தில் எங்களைப் போன்ற பெண்களுக்குச் சும்மா இருக்க ஓர் இடம் இருந்ததில்லை. வெளியே வந்தால் ஏதாவது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எதற்காவது காத்து நிற்க வேண்டும். களப்பு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பெண்ணை நான் கண்டதில்லை. ஆகவே, இலவசமாக ஒரு சிற்பப் பூங்கா வரப்போகிறது, புல் பதிக்க ஆள் வேண்டும் என்றபோது நான்தான் முதலில் போனேன். பிறகு புல் வேலைப் பெண்களுக்குப் பொறுப்பாக என்னையே போட்டார்கள். சத்தம் போடத் தெரியாதவளைப் பொறுப்பாக்கினால் சண்டை வராது என்று நினைத்திருப்பார்கள்.

சிற்பங்களைச் செய்ய வந்தவர் சிலாபம் பக்கத்து மீன்பிடிக் கிராமமொன்றில் பிறந்த கத்தோலிக்கப் பெண். என்னைவிட இளையவர். நாங்கள் எல்லாரும் சிலாபத்து மிஸ் என்று கூப்பிட்டோம். அவரிடம் படித்த முதல் பாடம் கழுதைகளால் வந்தது. நடைபாதைக்குச் சீமெந்து போட்டு மட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தோம். காலையில் வந்தால், பாதை நீளத்துக்கும் குளம்புத் தடம். ஒரு குட்டி வேறு தாய்க்குப் பின்னால் நடந்திருக்கிறது.

பாதையைப் பூசிய மேசன், நாங்கள் அண்ணனாக நினைத்து நானா என்று கூப்பிடுகிறவர், தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என்ன மிஸ், கழுதையையும் வேலைக்கு எடுத்தாச்சா?"

"அனே, அதுகள்ட பாதை இது. நாங்கதான் இப்ப வந்திருக்கம்" என்றார் மிஸ். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடங்களின் பக்கத்தில் மெல்ல நடந்து பார்த்தார். "மூட வேணாம் நானா. நல்லா இருக்கு."

இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தத் தடங்களில் கால் வைத்துத் தாவுவதை நீங்களே பார்ப்பீர்கள். பிழை என்று தெரிந்ததும் மூடிவிடக் கை ஓடும். கொஞ்சம் பொறுத்து, அது பிழைதானா என்று சுற்றி நடந்து பாருங்கள்.

பூங்காவின் நடுவேலை கரைவலை இழுக்கும் மனிதர். கடற்கரையில் வலையைத் தூரத்தில் போட்டுவிட்டு, அதன் கயிற்றைக் கரையில் நின்று பல பேர் சேர்ந்து இழுப்பார்கள் இல்லையா, அதில் ஒருவர். இரண்டு ஆள் உயரம். தண்ணீரைப் பார்த்தபடி, குதிகால்களை மண்ணில் புதைத்து, முதுகைப் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டு நிற்பார். களப்புக்குள்ளிருந்து முறுக்கிய கம்பிக் கயிறு ஏறி அவர் கைக்கு வரும். கை பிடிக்கிற இடத்தில் மட்டும் தும்புக்கயிறு சுற்றியிருக்கும்.

மேசன் நானாவுக்கு அதில் எப்போதும் ஒரு சிரிப்பு. "மிஸ், கரைவலை கடல்ல. இது களப்பு. முழங்கால் தண்ணியில யாரு கரைவலை இழுக்கிற?"

"எங்கட அப்பா இழுப்பார், பாருங்களன்."

அவருடைய அப்பாதான் அது. வாழ்நாள் முழுக்கக் கயிறு இழுத்தவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு வீட்டோடு இருந்தார். மிஸ் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அவருடைய நல்ல கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, அந்த விரல்களை இங்கே கம்பியில் வளைப்பார். புத்தளத்துப் பூங்காவில் தன்னை நிறுத்தப் போகிறார்கள் என்று அப்பா மாதா கோயிலடியில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். திறப்பு நாளன்று அவரைக் கொண்டுவந்து காட்டுவதாக மிஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

பகல் தேநீர் நேரத்தில் அவர் கரைவலைக் கதை சொல்லுவார். களைத்தவர்கள் கயிற்றை விட்டு விலகலாம், தண்ணீர் குடிக்கலாம், பீடி பற்ற வைக்கலாம். ஆனால் ஒருவர் கையாவது கயிற்றில் இருக்க வேண்டும். எல்லாரும் விட்டால் கடல் வலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அவருடைய அப்பா கடைசி வரை கயிற்றை விடாதவர் என்று பெயர் எடுத்தவராம்.

சிற்பம் முடிந்தது. அந்தி வானத்துக்கு எதிரே கறுப்பாக அந்த மனிதர் தெரிய வேண்டும், அதற்காகத்தான் நீர்க்கரையில் மேற்கே நிறுத்தினார். கணக்குத் தப்பவில்லை. ஆனால் வேறொன்று இருந்தது, அதை எங்களில் ஒருவரும் காணவில்லை. நாங்கள் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தோடு வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். மிஸ்ஸும் சிலாபம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். சூரியன் விழும் நேரத்தில் இந்தக் கரை எப்படி இருக்கும் என்று யாரும் நின்று பார்த்ததில்லை.

புல் பிடித்ததும், திறப்புக்கு முன்னமே சனம் வரத் தொடங்கியது. கேற் இல்லாத இடத்தில் திறப்பு நாள் என்று தனியாக ஒன்று ஏது? பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். தேநீர்ப் போத்தலும் பணிசும் கொண்டுவந்தார்கள். இவ்வளவு நாளும் தூரத்திலிருந்தே பார்த்த களப்பை அன்றுதான் பக்கத்தில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. வீட்டுக்கு ஓட யாருக்கும் மனம் வரவில்லை. சூரியன் விழுகிற பக்கம்தான் எங்களுக்குத் தொழுகைக்கு முகம் வைக்கிற பக்கமும். நீர்க்கரைப் புல்லில் தொழுகைப் பாய்களை விரித்தார்கள்.

விரித்துவிட்டு நிமிர்ந்தால் முன்னால் அந்த மனிதர்.

உருவம் ஒன்று முன்னால் நிற்க, எங்களுக்குத் தொழ மனம் வராது. மிஸ்ஸுக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. ஆனால் பகல் வெளிச்சத்தில் அவர் எங்களோடு வேலை செய்யும் ஓர் ஆளாகவே இருந்தார். நானே அவருடைய காலடியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்திருக்கிறேன்.

பெண்கள் பாய்களை மடித்துக்கொண்டு பின்னால் வீதியோரத்துக்குப் போனார்கள். அங்கே புல் இல்லை. வாய்க்கால் நாற்றம் வேறு. சிறிய பிள்ளைகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அங்கே நின்று தொழுதுவிட்டுக் கலைந்து போனார்கள்.

அடுத்த நாள் பூங்காக் குழுவின் தலைவர் படங்கு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மாலையில் சிலையை மூடிக் கட்டச் சொன்னார். தோணி மூடும் நீலப் படங்கு. கட்டினோம். காற்று உள்ளே புகுந்து அது ஊதிப் பெருத்து ஆடியது. ஒரு சின்னப்பிள்ளை கேட்டது: "உம்மா, அந்த ஆளுக்குக் குளிரா?"

கரையெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். மறுநாள் அந்தப் படம் எல்லார் கைபேசியிலும் இருந்தது. முஸ்லிம்களின் ஒரு முகநூல் பக்கத்தில் 'எங்கள் ஊரில் சிலை வைக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார்கள். கத்தோலிக்கரின் ஒரு பக்கத்தில் 'எங்கள் ஆளை மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டையும் எழுதியவர்கள் ஒருநாளும் பூங்காவுக்கு வராதவர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பிற்பகலில் வீதியோரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கத் தொடங்கின. இறங்காமல், எஞ்சினை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

தலைவர் ஜேசிபி ஒன்றோடு வந்து இறங்கினார். கெட்ட மனிதரில்லை, பயந்துபோயிருந்தார். "இப்பவே தூக்கிடுவம். மஃரிபுக்கு முந்தி கரை வெறுமையா இரிக்கணும். பிரச்சினை முடிஞ்சிடும்."

மேசன் நானா, "அத்திவாரத்தோட கட்டினது சேர். தூக்க ஏலாது. உடைக்கத்தான் வேணும்" என்றார்.

"அப்ப உடைங்க."

மிஸ் அன்று ஊரில் இருந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. வேலையாட்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் தரையைத்தான் பார்த்தேன். பார்த்தபடியே சொன்னேன்: "செய்தவ வரட்டும்."

"என்ன?"

"செய்தவ வரட்டும் சேர்."

அவ்வளவுதான். முகத்தைத் தூக்காமலே நின்றேன். மேசன் நானா ஜேசிபி ஓட்டுனரிடம் போய், "நிப்பாட்டு தம்பி, டீசல் மிச்சம்" என்றார். ஓட்டுனர் நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் களப்பின் அலைச் சத்தம் திரும்ப வந்தது. தலைவரும் அதைக் கேட்டார்போல. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. நாளைக்கு" என்றார்.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். எல்லாரும் உடனே, உடனே என்பார்கள். பெரிய யோசனை ஒன்றும் உங்களுக்கு வராது. வரவும் தேவையில்லை. செய்தவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து சேரும் வரைக்கும் இயந்திரம் நிற்கட்டும்.

மிஸ் அடுத்த நாள் வந்தார். படங்கை அவிழ்த்து மடித்து வைத்தார். அந்தி வரைக்கும் போகாமல் என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் வந்தார்கள். களப்பு பொன்னாகி, செம்பாகி, பிறகு சாம்பல் பூத்தது. அந்த மனிதர் அதன் நடுவில் கறுப்பாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அழகு. சூரியனைத்தான் இழுத்து எடுக்கிறாரோ என்றிருந்தது. பாங்கு சொன்னது. பெண்கள் எழுந்தார்கள், பாய்களை எடுத்துக்கொண்டு வீதியோரத்துக்குப் போனார்கள். போகும்போது ஒருத்தி மிஸ்ஸைப் பார்த்து, பிழை தன்னுடையது என்பதுபோல, சிரித்துவிட்டுப் போனாள்.

தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஹஸரத் வந்தார். எங்கள் பக்கத்துப் பள்ளியில் தொழுவிக்கிற மௌலவி. மிஸ்ஸிடம் மெதுவாகக் கதைத்தார். "மகள், பார்க் எல்லாருக்கும் உரியது. தொழ பூமியெல்லாம் இடம் இரிக்கி. எங்கட ஆக்கள் கொஞ்சம் தள்ளி நின்டு தொழுவாங்க. உங்கட வேலையை உடைக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டன்."

"நீங்க சொல்ல மாட்டீங்கதான் ஹஸரத். அவங்களும் சொல்லல்ல. சண்டை பிடிச்சிருந்தா நானும் பிடிச்சிருப்பன்." மிஸ் வீதியோரத்தைப் பார்த்தார். "எங்கட அப்பா இருக்கிற இடத்தில ஒரு பொம்பிள நாத்தத்தில போய் நிக்கிறதக் கண்டா, அவர் தானே எழும்பிப் போயிடுவார்."

ஹஸரத் எங்களோடு களப்பைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போனார்.

பிறகுதான் மிஸ் என் தோளில் சாய்ந்து கேட்டார்: "அக்கா, அப்பாட்ட நான் என்ன சொல்லுவன்?"

சிலாபம் பஸ் போய்விட்டிருந்தது; அன்றிரவு அவரை என் வீட்டுக்கே கூட்டிப் போனேன்.

விடிந்ததும் சுத்தியலோடு அவரே நீர்க்கரைக்குப் போனார். முகத்தில்தான் முதலில் அடித்தார். "முகத்தை விட்டு வச்சா அடிக்கக் கை வராது" என்றார். மேசன் நானா, "குடுங்க மிஸ், முதுகு என்ட கையால பூசினது. அதை நான் பாத்துக்கிறன்" என்று வாங்கிக்கொண்டார். மத்தியானத்துக்குள் கரை வெறுமையானது. கயிறு மட்டும் தண்ணீரிலிருந்து ஏறி, பிடிக்க ஆளில்லாமல் மண்ணில் கிடந்தது. உடைந்ததையெல்லாம் என்ன செய்வது என்று நானா கேட்டார். மிஸ் கயிறு கிடந்த திசையைப் பார்த்து, காலால் மண்ணில் வட்டமாகக் கோடு கிழித்தார்.

தொழுகிற புல்லுக்குத் தெற்கே, கொஞ்சம் பின்னால், பிள்ளைகள் உருளும் அந்த மேடு இருக்கிறதல்லவா, அதன் வயிற்றில் அந்த மனிதர்தான் இருக்கிறார். அவரைப் போட்டு, மேலே மண் போட்டு, நான்தான் புல் பதித்தேன். கயிற்றை நீட்டி மேட்டின் உச்சிக்குக் கொண்டுவந்தார்கள். உச்சியில், இழுக்கிறவர் ஊன்றிய குதிகால் குழிகள் இரண்டை மட்டும் மிஸ் சீமெந்தில் செய்து வைத்தார். ஆள் இல்லை. கயிற்றின் நுனியும் குழியும்தான்.

மோட்டார் சைக்கிள்கள் பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டன. ஆனால் மிஸ் அப்பாவுக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. தன்னைப் பார்க்கத்தான் அவர் வரப்போகிறார்.

திறப்பு நாளில் பிற்பகல் சாய்ந்த பிறகு திரீவீலர் ஒன்று வந்து நின்றது. வெள்ளைச் சாரமும், பொத்தான் கழுத்து வரை பூட்டிய சட்டையுமாக ஒரு கிழவர் இறங்கினார். ஒரு கை மடங்கியிருந்தது. மறு கையைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த விரல்களின் பக்கத்தில் எத்தனையோ நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனே. மிஸ் அவரைத் தாங்கிப் புல்லுக்குக் கூட்டிவந்தார். அவர் நாலு பக்கமும் பார்த்தார். தோணிப் பலகையில் செய்த மீன் இல்லாத மீன்கூடுகள், உடைந்த ஓட்டுத் துண்டுகள் பதித்த வளைந்த இருக்கைகள், கழுதைத் தடங்கள் எல்லாவற்றையும் பார்த்தார்.

"நான் எங்கடி?" என்றார்.

மேசன் நானா தொப்பியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். மிஸ் அப்பாவைக் கைத்தாங்கலாக மேட்டில் ஏற்றினார். உச்சியில் நிறுத்தி, கயிற்றின் நுனியை எடுத்து அந்த நல்ல கையில் வைத்தார்.

"இங்கதான் அப்பா."

அவர் கயிற்றைப் பார்த்தார். தும்புக்கயிறு சுற்றிய இடத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு கீழே பார்த்து, செருப்பை உதறிவிட்டு, ஒரு குதிகாலைக் குழிக்குள் வைத்தார். மற்றதை மகள் குனிந்து தூக்கி வைத்தார். அவருடைய முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது. நாங்கள் உடைத்த அதே முதுகு. மேசன் நானா மெல்ல, "யா அல்லாஹ்" என்றார்.

கிழவர் கயிறு போகும் திசையைக் கண்ணால் தொடர்ந்து தண்ணீருக்குப் போனார். முகம் கோணி ஒரு சிரிப்பு வந்தது. "என்னடி இது, களப்பு! இதில வலை போட்டா மீனுக்கு முதல் சேறுதான் வரும்."

"அதைத்தான் நானும் சொன்னன் ஐயா!" என்று மேசன் நானா கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்கிறதை விட்டுட்டு வந்து பிடிங்க. நான் தனியவா இழுக்கிற?"

முதலில் பிள்ளைகள் ஓடினார்கள். பிறகு அவர்களுடைய உம்மாமார், நானா, தலைவர்கூட. கயிறு நீளத்துக்கும் கைகள். அது ஓர் அங்குலமும் நகராத கயிறு. ஆனாலும் இழுத்தோம். வெளிச்சம் களப்பிலிருந்து கயிற்றின் வழியாக ஏறி எங்கள் கைகளுக்கு வருவதுபோல் இருந்தது. நான் கூட்டத்துக்குள் போகாதவள். எப்போது போய்ப் பிடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. கிழவருக்குப் பக்கத்தில் நின்றேன். நிற்க முடியாமல் போனதும் அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டோம். உட்கார்ந்தார். கையை விடவில்லை.

தும்புக்கயிறு கைபட்டுத் தேயும். தேய்ந்ததும் புதிதாகச் சுற்றுங்கள். பொறுப்பு என்று உங்களிடம் நான் விட்டுப் போவது அது ஒன்றைத்தான். ஒரு நாளாவது வேலை முடிந்ததும் ஓடாமல் அந்த மேட்டில் இருந்து அந்தியைப் பாருங்கள்.

பாங்கு சொன்னது. அன்று கயிற்றைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன. நீர்க்கரையில் பாய்கள் விரிந்தன. முன்னால் வெறும் தண்ணீர், வெறும் வானம். நான் மட்டும் போகாமல் நின்றேன். கிழவரைத் தனியே விட்டுப் போக மனமில்லை. எல்லாரும் விட்டால் வலை போய்விடுமே என்று, இல்லாத வலையை நினைத்துக்கூட எனக்குக் கவலையாக இருந்தது.

அவர் களப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க போய்த் தொழுதிட்டு வாங்க மகள். நான் பிடிச்சிருக்கன்."